கிளென்மார்கனின் இரண்டு ஓடைகள்

நீலகிரியில் கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) பற்றிப் பேச்செடுத்தால், "அது இருக்கிற தண்ணியெல்லாம் உறிஞ்சிடும்" என்று யாரும் சொல்வார்கள். ஊர்ப்பேச்சு ஆய்வுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்குப் பின்னால், நம் நாட்டில் அரிதாகவே நடக்கும் வகையில், பொறுமையாக எடுத்த அளவீடு ஒன்று இருக்கிறது.

1968இல் உதகையின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் நீலகிரியின் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு புல்வெளிப் பள்ளங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ஹெக்டேர். ஓடை வெளியேறும் இடத்தில் அளவுத் தடுப்பு கட்டி, நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் கருவியால் பதிவு செய்தார்கள். முதல் நான்கு ஆண்டுகள் ஒரு நாற்றுகூட நடவில்லை. ஒரே மழைக்கு இரண்டு ஓடைகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று மட்டும் பார்த்தார்கள். 1972இல் ஒரு பள்ளத்தின் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டு, மற்றதைப் புல்லாகவே விட்டார்கள்.

நடாமல் காத்திருந்த அந்த நான்கு ஆண்டுகள்தான் ஆய்வின் உயிர். மரம் உள்ள பள்ளத்தையும் புல் உள்ள பள்ளத்தையும் வெறுமனே ஒப்பிட்டிருந்தால், பாறையும் சரிவும் செய்த வித்தியாசம் மரத்தின் தலையில் விழுந்திருக்கும். கிளென்மார்கனில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பள்ளத்து ஓடையின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தவற்றை வளரவிட்ட இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. மேலே தெரிவது இளந்துளிர் என்றாலும், மண்ணுக்குள் வேர் ஏற்கெனவே ஆழம் போயிருந்தது. கோடையின் மெலிந்த ஓட்டம்தான் அதிகம் அடிபட்டது. பைக்காரா மின்திட்டத்துக்கு நீர் தரும் மலையில் இது சிறிய விஷயம் இல்லை. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இங்கிருந்து மரம் போன காலத்தில், மரத்தின் விலையில் இந்தத் தண்ணீருக்கு யாரும் கணக்குப் போட்டதில்லை.

ஆனால், ஆய்வு எட்டாத இடத்துக்கும் அதன் எண்கள் போய்விடுகின்றன. இந்த 16, 25 எல்லாம் ஒரே ஒரு ஜோடிப் பள்ளத்தில், பத்தாண்டுக்கு ஒருமுறை வெட்டப்பட்ட மரங்களைக் கொண்டு கிடைத்தவை. வெட்டப்படாமல் முதிர்ந்து நிற்கும் தோப்புக்கோ, வேறு இனமான சீகை (வாட்டில்) மரத்துக்கோ அவற்றை அப்படியே பொருத்துவது ஆய்வாளர்களுக்கே செய்யும் அநியாயம். பெருமழையின் உச்ச வெள்ளமும் மரம் நட்டபின் குறைந்தது. கீழே குடியிருப்பவருக்கு அது லாபம். மேடைப்பேச்சில் அந்தப் பாதியைக் காணோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் கிளென்மார்கன் விடை சொன்னது. இன்று அரசு கேட்பதோ, எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. தமிழ்நாடு 2022இல் அந்நியக் களைத்தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மரத்தை வெட்டிவிட்டால் புல்வெளி தானாகத் திரும்பிவிடாது. அந்த அந்நியத் தாவரங்களில் ஒன்றான சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சூடு பட்டால் தோல் வெடித்துக் கூட்டமாக முளைக்கும். வெட்டிய இடத்தில் அடுத்த சில ஆண்டுகளுக்கு நாற்றுப் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்காமல் செய்யும் அகற்றம், வெட்டுக்கூலி கணக்கில் மட்டும்தான் நிறைவு பெறும்.

புல்வெளியை மீட்கும் அந்த இடத்தில்தான் நெருப்பு குறுக்கே வருகிறது. இந்தப் புல்வெளிகள் காட்டை அழித்ததால் வந்தவை அல்ல. நீலகிரியின் சதுப்பு மண்ணில் ராமன் சுகுமார் குழு நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு, புல்லின் தடத்தை ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்வரை கொண்டுபோகிறது. மலையின் சொந்தக் காடான சோலையின் மர நாற்றைப் புல்வெளிக்குள் வரவிடாமல் வைத்ததில் உறைபனிக்கும் தீக்கும் பங்குண்டு என்பது பரவலான கருத்து. எருமைக்கு இளம்புல் கிடைக்க வறண்ட மாதங்களில் புல்வெளிக்குத் தீ வைப்பது எருமை மேய்க்கும் தோடர் மக்களின் வழக்கமாக இருந்தது. வனத்துறை அதைத் தடைசெய்தது. இப்போது மீட்கவேண்டும் என்று சொல்வதும் அதே புல்வெளியைத்தான்.

தடைக்கும் காரணம் இல்லாமல் இல்லை. கற்பூர இலையில் எண்ணெய் இருக்கிறது, சீகைத் தோப்பு விறகுக்காடாகக் காய்ந்து நிற்கிறது. அதற்கு நடுவே ஒரு துண்டுப் புல்லில் தீ வைப்பதை எந்த வனச்சரகரும் துணிந்து ஒப்புக்கொள்ள மாட்டார். விதை முளைக்கவும் அதே தீதான் வழிசெய்யும் என்பதால், தோடர் வழக்கத்தை அப்படியே மீட்டெடுங்கள் என்பவர்களோடும் நான் சேர முடியவில்லை. தோடர்கள் கொளுத்திவந்த காலத்தில் மண்ணுக்குள் இத்தனை சீகை விதை கிடையாது.

ஆக, வேண்டியது இன்னொரு கிளென்மார்கன். சீகை எடுத்த பள்ளம் ஒன்று, எடுத்தபின் முறைவைத்துத் தீயிடும் பள்ளம் ஒன்று, தொடாமல் விட்டது ஒன்று. ஓடை வெளியேறும் இடத்தில் அதே அளவுத் தடுப்பு, தொடக்கத்தில் அதே நான்காண்டுக் காத்திருப்பு. எந்தப் பள்ளத்தில் எப்போது தீ வைப்பது என்று முடிவெடுக்கும்போது தோடர் பெரியவர்களும் உட்கார வேண்டும். இருபது ஆண்டு ஆகும். மூன்றாண்டுத் திட்டத்துக்கே நிதி ஒதுக்கும் துறையிடம் இதைக் கேட்பது அசட்டுத்தனமாகத் தெரியலாம். 1968இல் நான்கு ஆண்டுகள் ஒன்றும் நடாமல் அளந்துகொண்டிருக்கவும் சர்க்கார் பணம்தான் செலவானது.