தொலைக் கோப்பில் ஒட்டலாமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் காற்றுக்கும் பஞ்சமில்லை. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல இயலாது. அத்தகைய ஒரு ஜூன் மாலையில், எங்கள் மாணவர்களின் கணக்கில் ஒரே மழை இரண்டு முறை பெய்துவிட்டது!

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைப் பலிகொண்டது. மலையில் மழை பெய்தபின் அருவியில் வெள்ளம் வர எவ்வளவு நேரமாகிறது என்று அறியவே மாணவர்கள் மழைமானி வைத்தார்கள். அன்றன்றைய அளவுகள் தொலைவிலுள்ள கணிப்பொறியில் ஒரே கோப்பின் கடைசியில் சேர வேண்டும். இதற்குக் ‘கர்ல்’ என்ற கருவியைக் கையாண்டனர். ஸ்வீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்க் 1998-இல் வெளியிட்ட இக்கருவிக்கு விசைப்பலகையில் ஆணை தட்டினால் கோப்பை அனுப்பும். ஆணையில் ஒரு சிறுகோடும் சின்ன ‘ஏ’ எழுத்தும் சேர்த்தால், பழைய கோப்பை அழிக்காமல் புதியதை அதன் வாலில் ஒட்டும்.

வசதிதான். ஆனால் இவ்வாணை ஒட்டுமுன் எதையும் கேட்பதில்லை என்பதே என் குறை. அன்று அளவுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. சேர்ந்த செய்தி திரும்பி வருமுன் மின்சாரம் போயிற்று. போகவில்லை என்றெண்ணி மாணவர் மறுபடி அனுப்பினார். 38 மில்லிமீட்டர் 76 ஆயிற்று. முழுக்கோப்பையும் மேலெழுதும் ஆணையைப் பத்து முறை கொடுத்தாலும் விளைவு ஒன்றே. ஒட்டும் ஆணைக்கு அந்தக் காப்பு இல்லை.

கோப்பின் கடைசி வரி, வரிமுடிவுக் குறியின்றி நின்றாலும் வம்புதான். நேற்றைய மழை 4, இன்றைய தேதி 12 என்றால் இரண்டும் ஒட்டி 412 ஆகிவிடும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலோ, சத்தமில்லாமல் புதுக்கோப்பு ஒன்று பிறக்கும்.

பழி முழுவதும் கர்லுடையதன்று. எஃப்.டி.பி. எனும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை 1971-இல் முதலில் எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷண். (நம்மவர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.) 1985-இல் போஸ்டலும் ரெனால்ட்ஸும் அளித்த ஆர்.எஃப்.சி. 959 ஆவணத்தின் விதியே, ‘கோப்பு இருந்தால் ஒட்டு, இல்லையேல் உருவாக்கு’ என்பதுதான். எஸ்.எஃப்.டி.பி. வழியிலோ, எதிர்முனையிலுள்ள சில நிரல்கள் இந்த ‘ஏ’ குறியைச் சட்டை செய்யமாட்டா என்று கர்லின் கையேடே எச்சரிக்கிறது.

வியப்பு என்னவென்றால், மருந்தும் அதே கருவியில் இருக்கிறது. ‘ஏ’க்குப் பதிலாகச் சிறுகோட்டுடன் பெரிய ‘சி’ எழுத்தும், அதன்பின் தனியாக இன்னொரு சிறுகோடும் இட வேண்டும். நம்மிடம் அன்றைய துண்டு மட்டுமல்ல, முதல்நாள் தொட்டு முழுக்கோப்பும் இருக்க வேண்டும். தொலைக் கோப்பு எவ்வளவு நீளம் என்று கர்ல் முதலில் கேட்கும். 900 பைட்டு என்றால் 901-ஆவதிலிருந்து அனுப்பும். எல்லாம் சேர்ந்திருந்தால் எதையும் அனுப்பாது. எஃப்.டி.பி. வழியில் அப்போதும் உள்ளே செல்வது அதே ஒட்டும் ஆணைதான்! ஒரேயொரு கேள்வி கேட்டுவிட்டுச் செல்கிறது, அவ்வளவே. பாதி வரியில் மின்சாரம் போனாலும் விட்ட எழுத்திலிருந்து தொடரும்.

ஆனால் அது கேட்பது நீளத்தை மட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. பழைய வரியொன்றை நாம் இங்கே திருத்தினால் அங்கே திருந்தாது. ஆகவே மாணவர்கள் நாள்தோறும் இவ்வாறு அனுப்பி, ஞாயிறுதோறும் முழுக்கோப்பையும் மேலெழுதி விடுகிறார்கள். அந்த 76-ஐயும் அப்படித்தான் 38 ஆக்கினோம்.