மூன்று டின்களும் ஒரு பொனட்டும்

பதுளையில் 'பொலிஷ்' என்ற ஒரே சொல் மூன்று வேலைகளுக்கு வழங்குகிறது. தேய்த்து எடுப்பதும் பொலிஷ், மெழுகு பூசுவதும் பொலிஷ், சீலன்ட் இடுவதும் பொலிஷ். சொல் குழம்பினால் மதிப்பீடும் குழம்பும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் 'கட் அண்ட் பொலிஷ்' முடித்து சேர்விஸ் ஸ்டேஷனிலிருந்து காரை எடுத்து வருபவர், பெயின்டுக்கு இனி ஒரு வருடம் கவலையில்லை என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைத்தான் முதலில் உரசிப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் இருந்த காரையே ஓட்டியவர்களுக்குப் பெயின்ட் ஒரு சொத்து. ஆகவே அளவுகோல் கடுமையாகவே இருக்கட்டும்: பூசிய அன்று எப்படி மின்னுகிறது என்பதற்கு மதிப்பெண் இல்லை, ஊவாவின் ஒரு முழுப் பருவம் போன பிறகு என்ன மிஞ்சியது என்பதற்கே மதிப்பெண்.

அந்தப் பருவம் லேசானதல்ல. பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரம். ஹப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் பத்து வீதமளவு கூடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு மணம் தருகிறது. அதே காற்று தோட்டத்து ரோட்டின் செம்புழுதியையும் பொனட்டில் கொண்டுவந்து போடுகிறது. ஒக்டோபரில் மழை பிடித்தால் தை வரை விடாது. சவுக்கு மரத்தடியில் நிறுத்தினால் பிசினும் பறவை எச்சமும் நிச்சயம். மகியங்கனைப் பக்கம் இறங்கினால் கிணற்று நீரின் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாகக் காய்கிறது.

இனி பொலிஷ். பொலிஷ் என்பது நுண்ணிய அரம். இன்றைய கார்களில் நிறத்தின் மேல் உள்ள கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோன். தலைமுடியை விட மெல்லியது. கொம்பவுண்ட் வைத்து மெஷினால் அழுத்தித் தேய்க்கும் ஒரு தடவையில் அதில் சில மைக்ரோன்கள் போய்விடும். வருடாவருடம் அதைச் செய்தால் பத்து வருடத்தில் என்ன மிஞ்சும் என்பது எளிய கழித்தல் கணக்கு. வெயிலைத் தாங்கும் இரசாயனங்கள் அந்தக் கிளியர் கோட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. அது மெலிய மெலிய வெயில் நிறத்தைத் தொடும். கூரையிலும் பொனட்டிலும் வெள்ளைத் திட்டுகளாக உரியும் கார்களை பஸ் நிலையப் பக்கம் நின்று பார்த்தாலே தெரியும். அந்த நிலைக்கு வந்த பெயின்டை எந்த டின்னும் மீட்காது.

பொலிஷின் நிறையையும் சொல்லியாக வேண்டும். மங்கலையும் சுழிக்கீறலையும் நீக்க வேறு வழியே கிடையாது. மெழுகு அவற்றை நிரப்பி மறைக்கும். சில தடவை கழுவினால் அவை திரும்பிவிடும். பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களின் பெயின்டில் கிளியர் கோட் இல்லை. ஒரு மூலையை வெள்ளைத் துணியால் பொலிஷ் தொட்டுத் தேய்த்தால் காரின் நிறமே துணியில் ஏறும். அந்தப் பெயின்டுக்குப் பொலிஷ் மருந்து. துணியில் நிறம் ஏறாத காருக்கு அதே மருந்தை அளந்தே கொடுக்க வேண்டும்.

மெழுகின் பெருமை கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. 82 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். ஆனால் தூய கார்னோபா கல்லைப் போன்றது, கையால் பூச முடியாது. டின்னில் இருப்பது கரைப்பானும் வேறு மெழுகுகளும் சிலிக்கோன் எண்ணெயும் சேர்ந்த கலவை. 'நூறு வீதம் கார்னோபா' என்ற லேபிள், அதில் உள்ள கார்னோபாவின் தூய்மையைச் சொல்கிறதே தவிர டின்னின் தூய்மையைச் சொல்லவில்லை. டெஃப்லான் பெயரைச் சொல்லி விற்பதும் இந்த வகைதான்: அது 327 பாகையில் உருகும் பொருள், கையால் தேய்த்துப் பெயின்டில் ஒட்டாது. கருநிறக் காரில் மெழுகு தரும் ஆழத்துக்கு ஈடில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். அதன் குறை ஆயுள்.

சீலன்ட் செயற்கைப் பொலிமர். பூசிய பின் அரை நாளாவது நனையாமல் இருந்தால்தான் இறுகும். மாலை மூன்று மணிக்கு மழை பிடிக்கும் மலைநாட்டில் இது சிறிய நிபந்தனை அல்ல. தோற்றத்தில் கொஞ்சம் குளிர்ந்த மினுக்கம். இன்னொரு குறையும் உண்டு: சிலிக்கோன் ஒட்டியிருந்தால் பின்னால் அடிக்கும் புதுப் பெயின்ட் அங்கங்கே விலகிக் குழி விழும். டிங்கரிங் பாஸ்மாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெழுகின் சிலிக்கோனுக்கும் இதே விதிதான்.

இரண்டையும் ஒரே பொனட்டில் வைத்துப் பார்த்தேன். ஜூன் கடைசியில் மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்று பட்டையாகப் பிரித்தேன்: ஒன்றில் மெழுகு, ஒன்றில் சீலன்ட், ஒன்று வெறுமனே. பண்டாரவளையில், தினமும் சவுக்கு மரத்தடியில்தான் நிறுத்தினேன். முதல் மாதம் மெழுகுப் பட்டையே அழகு. பனி படிந்த காலையில் அதன் மேல் நீர் மணிமணியாக நின்றது. ஓகஸ்ட் நடுவில் அதே இடத்தில் நீர் தட்டையாகப் படுத்தது. சீலன்ட் பட்டையில் ஒக்டோபர் மழையிலும் துளி உருண்டு ஓடியது. வெறும் பட்டையில் ஒரு பறவை எச்சம் விழுந்து இரண்டு நாள் வெயிலில் கிடந்தது. கழுவிய பிறகும் அதன் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வேன்: துளி உருள்வது மட்டுமே காப்புக்குச் சான்றாகாது, எண்ணெய் தடவினாலும் உருளும். அதனால் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கழுவிய பிறகே பார்த்தேன்.

செரமிக் கோட்டிங் நீடிக்கும் என்பது உண்மை, வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் பூசுமுன் பெயின்ட் குறையற்றிருக்க வேண்டும், புழுதியில்லாத மூடிய இடம் வேண்டும். கீறலின் மேல் பூசினால் கீறலும் நிலைத்துவிடும். புதுக் காரும் நல்ல கராஜும் உள்ளவருக்கு அது தகும். பதினைந்து வருட வேகன் ஆருக்கு அந்தச் செலவு நியாயமில்லை.

ஊவாவின் அன்றாடக் காருக்கு என் தீர்ப்பு சீலன்ட். டர்டில் வெக்ஸ், சொஃப்ட் 99, மெகுவார்ஸ் மூன்றும் எல்லா வகையையும் விற்கின்றன, ஆகவே பெயரைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். ஜூலைக் காற்றுக்கு முன் ஒரு பூச்சு, ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு பூச்சு. பூசுமுன் கழுவித் துடைத்து, மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் போட்டுப் பெயின்டின் மேல் வழுக்கிப் பாருங்கள். மணல் போல் நெருடினால் முதலில் கிளே கட்டியால் அதை எடுங்கள். மெழுகு பழைய காருக்கும் கல்யாணக் காருக்கும். அடுத்த சித்திரையில் யாராவது கட் அண்ட் பொலிஷுக்கு மெஷினைத் தூக்கினால், எந்தக் கீறலை எடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் விரலால் காட்ட முடியாவிட்டால் காரைக் கழுவி மட்டும் வாங்கி வாருங்கள்.