கேட்டவளும் சொன்னவளும்

2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சாப்பிட்ட சாப்பாடு நஞ்சாகிப் படுத்துவிட்டார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவந்தது. உடன் தங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை ஏறத்தாழ நான்கு வாரம் மூடிக்கிடந்தது. ஐபோன் செய்யும் ஆலை என்பதால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எத்தனை பேர் நோயுற்றார்கள், எத்தனை பேர் கைதானார்கள், உற்பத்தி எவ்வளவு பாதிக்கும் என்ற கணக்கெல்லாம் வந்தது. ஊரைவிட்டு வந்து மாதக்கணக்கில் வாய் திறக்காமல் வேலை பார்த்த ஒரு பெண், அந்த இரவில் சாலையில் இறங்கத் துணிந்தது எப்படி? மறுநாள் அவள் வீட்டுக்கு என்ன சொன்னாள்? அதன்பின் அவள் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியது? இவற்றை அநேகமாக யாரும் எழுதவில்லை.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை வழக்குக் கட்டில் கிடைக்காது, சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் கிடைக்காது. போராட்டத்தில் முன்னால் நிற்கும் பெண்களில் பலர் தங்களைப் பற்றி எழுதுவதில்லை. நேரம் இருக்காது, எழுதிப் பழக்கம் இருக்காது, எல்லாவற்றுக்கும் மேல் கூச்சம். ‘என்னப் பத்தி சொல்ல என்னம்மா இருக்கு, சங்கத்தப் பத்திக் கேளு’ என்று ஒதுங்கிவிடுவார்கள். அந்தக் கூச்சத்தைக் கடந்து பேசவைக்கப் பெரும்பாலும் ஒரு தோழியால்தான் முடியும். செயல்பாட்டாளர் சொல்ல, நெருங்கிய ஒருவர் கேட்டு எழுதும் வாழ்க்கை வரலாறு பல மொழிகளிலும் தனி வகையாக வளர்ந்ததற்கு அதுவே காரணம்.

இந்த வகையின் பலமும் பலவீனமும் ஒரே ஊற்றிலிருந்து, அந்த நட்பிலிருந்துதான், வருகின்றன. ஆகவே நட்பை நம்பி மட்டும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அச்சில் ஏற்றிவிடக் கூடாது. கேட்டவள் தன்னை மறைத்துக்கொள்ளக் கூடாது. கடைசித் திருத்தம் சொன்னவள் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத நூல் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அரைகுறைதான்.

தமிழில் இதை எடைபோட ஆகச்சிறந்த சான்று அ. ரேவதி. நாமக்கல் பக்கத்துக் கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருநங்கையாக வாழ்ந்து, பெங்களூரில் ‘சங்கமா’ அமைப்பின் வழியாகச் செயல்பாட்டுக்கு வந்தவர் அவர். இந்த வகை எழுத்தில் இருக்கும் மூன்று இருக்கைகளிலும் அவர் அமர்ந்திருக்கிறார். 2004இல் வந்த ‘உணர்வும் உருவமும்’ நூலுக்காக மற்றத் திருநங்கைகளின் கதைகளைக் கேட்டுத் தொகுத்தார். அங்கே அவர் கேட்பவர். அடுத்து, தன் வாழ்க்கையைத் தானே தமிழில் எழுதினார். வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்திலும், ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் 2011இல் தமிழிலும் அது வெளிவந்தது. 2016இல் நந்தினி முரளியிடம் அவர் சொல்லச் சொல்ல உருவான நூலை ஜுபான் பதிப்பகம் வெளியிட்டது; அங்கே அவர் சொல்பவர்.

ஒரே வாழ்க்கை, இரண்டு முறை. தன் கையால் எழுதியதில் உடலும் வீடும் திருநங்கைகளின் ஜமாத்தும் தெருவில் பட்ட அடியும் முன்னால் நிற்கின்றன. சொல்லி எழுதியதில் வேலை முன்னால் வருகிறது. ஓர் அமைப்புக்குள் ஒரு திருநங்கை எப்படிப் படிப்படியாகப் பொறுப்புக்கு வந்தார், நிறுவனமாகிவிட்ட இயக்கத்துக்குள் என்னென்ன இடர்ப்பாடு, ஏன் வெளியே வந்து தனியாக இயங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அதோடு நிற்காமல், நூலின் பின்பகுதி திருநம்பிகளின் வாழ்க்கைக்கு இடம் விடுகிறது. தான் பட்ட பாட்டைத் தனியாக உட்கார்ந்து எழுதும்போது மனம் காயங்களுக்குப் போகிறது. எதிரே ஒருத்தி உட்கார்ந்து ‘அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க’ என்று கேட்கும்போது செயல்களுக்குப் போகிறது. செயல்பாட்டாளரின் வரலாற்றுக்கு இந்த இரண்டாவது மிக முக்கியம்; இந்த வகை எழுத்தின் முதல் பலம் இதுதான். பட்ட துயரத்தை மட்டும் படித்துவிட்டு வாசகர் இரங்கிவிட்டுப் போகலாம். செய்த வேலையைப் படித்தால் அதை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது பலம், தோழிக்கு மட்டுமே தெரிந்த இடங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியின் வாசலில் உட்கார்ந்த போராட்டம் என்று வைத்துக்கொள்வோம். நிருபர் கோரிக்கையைக் கேட்பார். ஆய்வாளர் கூலியைக் கேட்பார். அதே லைனில் தைத்த தோழியோ, ‘அக்கா, அன்னிக்கு கேட்டாண்ட உக்காந்தீங்களே, வீட்ல என்ன சொன்னாங்க?’ என்று கேட்பாள். ‘என்ன சொல்றது? ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. மூணாம் நாளு அவரே டிபன் பாக்ஸ எடுத்துனு வந்துட்டாரு. ஆனா உள்ள வரல, ரோட்டாண்டயே நின்னுனு இருந்தாரு’ என்று பதில் வரும். ஒரு போராட்டம் ஒரு குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றுவிட்டது என்பது அந்த ரோட்டோரத்தில் இருக்கிறது. இதையே புத்தகத்துக்காகத் திருத்தி, ‘முதலில் எதிர்த்த என் கணவர் பின்னர் ஆதரவளித்தார்’ என்று போட்டால் மனிதரும் போய்விடுகிறார், உண்மையும் போய்விடுகிறது. ஆதரவு என்ற சொல்லுக்குள் அவர் உள்ளே வராமல் நின்றது அடங்காது. பேச்சைச் செம்மைப்படுத்தும் ஆசை இந்த வகை எழுத்துக்குப் பெரிய பகை.

குறைகளில் முதலாவது, தோழி கேட்ட கேள்வி அச்சில் காணாமல் போவது. புதுச்சேரிப் பக்கத்துத் தலித் விவசாயக் கூலியான வீரம்மா, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜோசியான் ரசீனிடம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பேசினார். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்த அந்த நூல் தென்னிந்தியக் கிராம வாழ்க்கைக்கு ஒப்பற்ற ஆவணம். வீரம்மா இயக்கத்தில் இருந்தவர் அல்ல. ஆனாலும் இந்த எழுத்துமுறையைப் புரிந்துகொள்ள அவர் நூல் அவசியம். பத்தாண்டுப் பேச்சு அதில் ஒரே பெண்ணின் நீண்ட தனிப்பேச்சாக மாறியிருக்கிறது. சிரிப்பும் பாட்டும் பேச்சின் துள்ளலும் அப்படியே வந்திருந்தாலும், எந்தக் கேள்விக்கு இது பதில், எதைக் கேட்டபோது அவர் தயங்கினார் என்பது வாசகருக்குத் தெரிய வழியில்லை. வீரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரில் வந்த நூலைத் தானே படித்துச் சரிபார்க்கும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. இவ்வளவு பொறுப்போடு செய்த நூலுக்கே இந்த இடைவெளி என்றால், அவசரத்தில் செய்கிற நூல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது குறை, ஒருத்தியின் ‘நான்’ ஓர் இயக்கத்தின் ‘நாங்கள்’ ஆகிவிடுவது. குவாத்தமாலாவின் பழங்குடிச் செயல்பாட்டாளர் ரிகோபெர்த்தா மெஞ்சு 1982இல் பாரிஸில் எலிசபெத் புர்கோஸிடம் சில நாட்கள் பேசியதிலிருந்து ஒரு நூல் பிறந்தது. கேள்விகளை நீக்கி, பேச்சை வரிசைமாற்றி அமைத்ததாகப் புர்கோஸே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். 1992இல் மெஞ்சுவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் டேவிட் ஸ்டோல் என்ற மானிடவியலாளர், மெஞ்சு நேரில் கண்டதாகச் சொன்ன சில நிகழ்ச்சிகளை அவர் நேரில் கண்டிருக்கவில்லை என்று எழுதினார். குவாத்தமாலாவில் பழங்குடி மக்கள்மீது படுகொலைகள் நடந்ததை யாரும் மறுக்க முடியாது. தன் கதை தன் மக்கள் எல்லோருடைய கதை என்று மெஞ்சுவும் நூலின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். ஆனால் ‘இது நீங்கள் பார்த்ததா, கேட்டதா?’ என்று புர்கோஸ் கேட்டு, அந்தக் கேள்வியும் பதிலும் நூலில் இருந்திருந்தால், ஒரு மக்களின் துயரத்தைப் பொய் என்று சொல்ல எதிரிகளுக்கு இவ்வளவு எளிதாக வாய்ப்புக் கிடைத்திருக்காது. சங்கடமான கேள்வியைக் கேட்பதுதான் தோழி செய்யும் பாதுகாப்பு. கேட்காமல் விடுவது பாசமாகத் தெரியும்; பின்னால் சொன்னவளையே அது காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது குறையும் இங்கிருந்து கிளைப்பதுதான். இருவரும் ஒரே இயக்கத்தில் இருந்தால் இயக்கத்துக்குள் நடந்தது வெளியே வராது. சங்கக் கூட்டத்தில் பெண்கள் பேச எழுந்தால் என்ன நடந்தது, தீர்மானம் எழுதும் மேசையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள், சாதி எந்த வாசல்வரை வந்தது என்பதையெல்லாம் இருவரும் பேசாமலே உடன்பட்டு விட்டுவிடுவார்கள். ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா குழு இதற்கு ஒரு மாற்றுவழி காட்டியது. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் நின்ற பெண்களின் பேச்சைப் பதிவு செய்து 1986இல் தெலுங்கிலும் 1989இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. ஒரு நாயகி, ஒரு தோழி என்று இல்லாமல் பல பெண்கள், பல கேள்வியாளர்கள். காட்டில் இருந்தபோது பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட நேர்ந்த வலியும், 1951இல் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்ட பின் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்ன கசப்பும் அதில் பதிவாகியிருக்கின்றன. இயக்கத்தின் பெருமையையும் அது பெண்களுக்குச் செய்த அநீதியையும் ஒரே நூலில் சொல்லலாம், அதனால் இயக்கம் சிறுத்துவிடாது என்பதற்கு அது சாட்சி.

நான்காவது, உடைமை. அட்டையில் யார் பெயர், பணம் யாருக்கு, கடைசி வரி யாருடையது? கேரளத்தில் பாலியல் தொழிலாளர் உரிமைக்காக இயங்கும் நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005இல், அவரைப் போலவே செயல்பாட்டாளரான ஐ. கோபிநாத்தின் எழுத்து உதவியோடு வந்தது. நூல் பெரும் பரபரப்போடு விற்றது. ஆனால் அதில் தன் குரல் சரியாக வரவில்லை என்று நளினி ஜமீலா சொன்னார். வேறு நண்பர்கள் உதவத் திருத்திய பதிப்பொன்றைத் தானே கொண்டுவந்தார். இதைச் சர்ச்சை என்று மட்டும் பார்த்தவர்கள் பாடத்தைத் தவறவிட்டார்கள். சொன்னவள் ‘இது நான் இல்லை’ என்று எழுந்து நிற்க முடிந்ததும், அவள் சொன்னதைக் கேட்டு நூல் மாறியதும் இந்த வகை எழுத்தின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சிகள். வயநாட்டு ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானுவின் வாழ்க்கையும் முதலில் பாஸ்கரன் என்பவர் கேட்டு எழுதி வந்தது. பல ஆண்டுகள் கழித்து ஜானு தன் வரலாற்றைத் தானே எழுதினார். முதல் நூல் இல்லாமல் இரண்டாவது வந்திருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். நல்ல தோழி எழுதும் நூல் கடைசி நூலாக இருக்க வேண்டியதில்லை. சொன்னவளைத் தன் பேனாவை எடுக்கவைத்தால் அதுவே அதன் வெற்றி.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுகொலை நடந்த கீழ்வெண்மணிக்கு 1969இலேயே நேரில் போய் எழுதியவர், சென்னையில் தொழிற்சங்கத்தையும் மாதர் சங்கத்தையும் கட்டியவர்களில் ஒருவர், வாச்சாத்திப் பெண்களுக்கு நடந்த கொடுமையை வெளியே கொண்டுவர உழைத்தவர் மைதிலி சிவராமன். தன் பாட்டி சுப்புலட்சுமியின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் வைத்து, ஒரு பெண்ணின் உள்வாழ்க்கையை 2006இல் நூலாக எழுப்பியவரும் அவரே. அவருடைய வாழ்க்கையை உமா சக்கரவர்த்தி ஆவணப்படமாக எடுத்த காலத்தில் அல்சைமர் நோய் அவர் நினைவுகளை எடுத்துக்கொண்டிருந்தது. மகளும் தோழர்களும் சொன்னவற்றிலிருந்தே அந்த வாழ்க்கையை மீட்க வேண்டியிருந்தது. 2021 மே 30 அன்று கொரோனா தொற்றில் மைதிலி மறைந்தார். அவருடைய கட்டுரைகள் தொகுப்பாகக் கிடைக்கின்றன, படம் இருக்கிறது; நிதானமான ஒரு நீண்ட உரையாடலில் அவரே சொல்லியிருக்கக்கூடியதை இனி யாராலும் தர முடியாது. எழுத்தும் கல்வியும் நண்பர்களும் சூழ இருந்த ஒருவருக்கே இப்படி என்றால், எழுத்தே இல்லாதவர்களின் கதை என்ன ஆகும்?

மேற்குச் சென்னை இந்தக் கேள்வியின் நடுவில் இருக்கிறது. 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தையல், பேக்கிங் வரிசைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்திருக்கிறார்கள். ஆவடி குளோதிங் ஃபேக்டரியில் ராணுவத்துக்கு உடை தைத்தவர்கள், படைக்கலத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரித்ததை எதிர்த்து நின்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். தையல் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலிக்காக நடந்த நீண்ட வழக்கில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் கேட் மீட்டிங்குகளில் நின்ற பெண்களின் வாழ்க்கை மிகக் குறைவாகவே எழுத்தில் இருக்கிறது. முதல் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களோடு வேலை பார்த்த தோழிகள், படித்த மகள்கள், சங்கத்தில் இருக்கும் இளம்பெண்கள் கையில் இன்று பதிவுக் கருவியாகக் கைபேசி இருக்கிறது.

அவர்கள் செய்ய வேண்டியது கடினமானதல்ல. கேள்வியையும் சேர்த்து அச்சிட வேண்டும். பேச்சு மொழியை அப்படியே விட வேண்டும். பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். அதே போராட்டத்தில் நின்ற இன்னும் இரண்டு பேரிடமாவது பேச வேண்டும். எழுதி முடித்ததைச் சொன்னவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவள் அடிக்கச் சொன்னதை அடிக்க வேண்டும். மூல ஒலிப்பதிவை அம்பை தொடங்கிய ஸ்பேரோ போன்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். இவ்வளவும் செய்தால் தோழியின் அன்பு நூலுக்குக் குறையாகாது. இவை எதுவும் செய்யாமல் எழுதினாலும், எழுதாமல் விடுவதைவிட அது மேல் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உழைப்புக்குக் கூலி கேட்டுப் போராடிய பெண்ணின் சொல்லை அவள் அனுமதியில்லாமல் வெட்டித் தைப்பதும் சுரண்டல்தான். அதைச் செய்வது தோழியே ஆனாலும்.