கண்ணாடி மாறிய கட்டடம்: லெஸ்ரர் பொறியியற் பீடம் குறித்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தைப் புதுக்குதல் என்றதும் நூறாண்டு கண்ட கல்மண்டபமொன்றே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின் அவ்வினாவை இன்று மிகக் கூர்மையாக எழுப்புவன இருபதாம் நூற்றாண்டின் கொங்கிறீற்றுக் கட்டடங்களும் கண்ணாடிக் கட்டடங்களுமேயாம். ஜேம்ஸ் ஸ்ரேர்லிங், ஜேம்ஸ் கோவன் ஆகிய இருவரும் இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்துக்கு வடிவமைத்து, 1963இல் நிறைவெய்திய பொறியியற் கட்டடம் இவற்றுள் தலையாயது.

அதன் உருவம் விசித்திரமானது. எனினும் தேவையின்றிப் பிறந்ததன்று. நீரியல் ஆய்வுகூடத்துக்கு வேண்டிய அழுத்தத்தைப் பெறுவதற்கு நீர்த்தாங்கி உயரத்தில் இருத்தல் வேண்டும். ஆகவே கோபுரம் எழுந்தது. விரிவுரை மண்டபங்களின் படிப்படியான இருக்கை வரிசைகள் சுவருக்கு வெளியே ஆப்புப்போல் நீண்டு நிற்கின்றன. பட்டறைகளுக்கு நேர்வெயில் படாத வடதிசை ஒளி தேவைப்பட்டது. நிலமோ வடக்கை நோக்கி அமைந்திருக்கவில்லை. எனவே கூரைக் கண்ணாடிகளைக் கட்டடத்துக்கு 45 பாகை சாய்வாகக் குறுக்கே ஓடவிட்டனர். அவை விளிம்பை எட்டுமிடத்தில் சாய்சதுரப் படிகங்களாக முடிந்தன. இன்று புகைப்படங்களில் நாம் வியந்து நோக்குவது இவ்விளிம்பையே.

வியந்தவர் ஒருபுறமிருக்க, உள்ளே இருந்தவர் பட்ட பாடு வேறு. ஒற்றைக் கண்ணாடித் தோல் மாரியிற் குளிரையும் கோடையில் வெப்பத்தையும் தடுக்கவில்லை. இணைப்புகளின் வழியே மழைநீர் கசிந்தது. ஸ்ரேர்லிங் பின்னர் கேம்பிறிச்சில் அமைத்த வரலாற்றுப் பீடக் கட்டடமும் (1968) இத்தகைய குறைகளால், 1980களில் இடித்துவிடலாமா என ஆலோசிக்கப்படும் நிலைக்கு ஆளாயிற்று. கட்டடக்கலை விமர்சகர்கள் இக்கட்டடங்களைப் பற்றி எழுதியவற்றுள், குளிரில் மேலங்கியோடு அமர்ந்து படித்த மாணவனுக்கு இடமளித்தவை சிலவே.

லெஸ்ரர் கட்டடம் 1993இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அதன்பின் இடித்தல் என்ற பேச்சுக்கு இடமில்லை. தோற்றத்தை மாற்றவும் இயலாது. பட்டறைத் தொகுதியின் சுமார் 2,500 கண்ணாடிகளும் இரட்டைக் கண்ணாடிகளாக மாற்றப்பட்டு, 2017இல் அப்பணி முற்றுப்பெற்றது. பழைய கண்ணாடியின் பால்போன்ற மங்கலும் சாய்சதுரங்களின் அளவும் இயன்றவரை பேணப்பட்டன. இரட்டைக் கண்ணாடி பருத்தது, பாரமானது. அதனைப் பழைய மெல்லிய கோடுகளுக்குள் அடக்கியது பொறியியலாளரின் திறமை என்றே சொல்லவேண்டும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. பழம்பொருளைப் புதுப்பித்தல் ஒருவகைப் பொய் என்று ஜோன் ரஸ்கின் 1849இலேயே வாதிட்டார். 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் அத்துணைக் கடுமையானதன்று. எனினும், இழந்த பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதேவேளை மூலத்தினின்றும் வேறு எனக் கண்டறியத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என விதித்தது. லெஸ்ரரில் முதல் நிபந்தனை நிறைவேறிய அளவுக்கு இரண்டாவது நிறைவேறியதாகத் தெரியவில்லை. பார்வையாளன் 1963ஐக் காண்பதாக எண்ணுகிறான். அவன் காண்பதோ 2017.

இது மேலைநாட்டாருக்கே உரிய கவலை என்று நம்மவர் சிலர் ஒதுக்கிவிடக்கூடும். திருப்பணி மரபில் பழையதைக் களைந்து புதியதை வைப்பது இயல்பு என்பர். அது முழு உண்மையன்று. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன்மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கல்வெட்டுகள் புதிய சுவரில் மீள வெட்டப்பட்டன. அவை பழங்கல்லிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்ற குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. கல் மாறலாம், மாறியதை மறைத்தலாகாது என்ற நேர்மை அக்குறிப்பில் உண்டு. வெனிஸ் சாசனத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்திய நேர்மை அது.

அவ்வாறாயின் லெஸ்ரரிற் செய்தது பிழையா? நான் அவ்வாறு கருதவில்லை. தேவையே வடிவம் என்று பறைசாற்றிய கட்டடத்தில், தேவையை நிறைவேற்றத் தவறிய கண்ணாடியைப் புனிதப் பொருளாகப் பேணுவது அக்கட்டடத்தின் கொள்கைக்கே முரணாகும். பட்டறையில் வேலைசெய்பவனுக்கு வடதிசை ஒளியும் வேண்டும், விரல் விறைக்காத வெதுவெதுப்பும் வேண்டும். முன்னதை 1963 தந்தது. பின்னதைத் தர அரை நூற்றாண்டு பிடித்தது. எனக்குள்ள குறையெல்லாம் புதிய கண்ணாடி தன்னைப் புதியதெனக் காட்டிக்கொள்ளக் கூசுவது பற்றியதே. சட்டகமொன்றின் ஓரத்தில் ஆண்டைப் பொறித்துவிட்டாற் போதும்; சாய்சதுரங்களின் அழகு அதனாற் குன்றிவிடாது.