ஒரு படம், பல பாடங்கள்: ‘அந்த நாள்’ திரைப்படத்தின் வீட்டுக்காட்சி வடிவங்களும் சித்தூர், திருப்பதிப் பகுதிப் பார்வையாளரும்

1. முன்னுரை

கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழ்த் திரைப்படங்களை இன்று திரையரங்கில் காண்பது அரிது. வீடியோ கேசட்டு, வி.சி.டி., டி.வி.டி. ஆகிய வீட்டுக்காட்சி வடிவங்களின் வழியாகவே அவை பல தலைமுறையினரைச் சென்று சேர்ந்துள்ளன. இவ்வடிவங்களை ஒப்பிட்டு மதிப்பிடுவோர் பெரும்பாலும் படத்தின் தெளிவு, கீறல், ஒளியளவு, சட்டத்தின் விளிம்பு ஆகியவற்றையே கருதுகின்றனர். இவை வேண்டுவனவே. ஆயினும் மொழியை ஆய்வோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் இவை போதா. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சுவடிகளை ஒப்பிட்டபோது ஏட்டின் அழகையன்று, ஏட்டிலிருந்த பாடத்தையே நோக்கினர். திரைப்படத்திற்கும் பாடம் உண்டு. அது பேசப்படும் சொல்லிலும், சப்டைட்டில் என வழங்கும் துணையுரையிலும் அமைந்துள்ளது.

தமிழின் முதன்மையான மர்மப் படங்களுள் ஒன்றாகிய ‘அந்த நாள்’ (1954) இங்கு ஆய்வுப்பொருளாகக் கொள்ளப்படுகிறது. அதன் வீட்டுக்காட்சி வடிவங்களை எந்த அளவுகோலால் ஒப்பிட வேண்டும் என்பதும், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் அவ்வளவுகோல் எவ்வாறு மாறுகிறது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. பேச்சே பொருளாகிய படம்

ஏ. வி. மெய்யப்பன் தயாரிப்பில், வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கத்தில், 1954 ஏப்ரல் 13 அன்று இப்படம் வெளியாயிற்று. பாடல், நடனம், சண்டைக் காட்சி ஆகிய மூன்றும் இதில் இல்லை. 1943 அக்டோபரில் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசியதை ஒட்டிக் கதை நிகழ்கிறது. வானொலிப் பொறியாளன் இராசன் (சிவாசி கணேசன்) படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என ஐவர் அவனைப் பற்றிக் கூறுகின்றனர். கூற்றுக்குக் கூற்று இராசன் வேறொருவனாகத் தோன்றுகிறான். முடிவில், பகைவர்க்கு மறைச்செய்தி விற்ற கணவனின் இறப்புக்கு நாட்டுப்பற்று மிக்க மனைவி உசாவே (பண்டரிபாய்) காரணம் என்பது வெளிப்படுகிறது.

அகிரா குரோசாவாவின் ‘ராசோமோன்’ (1950) படத்தின் தாக்கம் இதில் உண்டு என்பது பலரும் அறிந்ததே. அந்தோனி ஆசுக்குவித்தின் ஆங்கிலப் படமாகிய ‘தி உமன் இன் குவெசுச்சன்’ (1950) என்பதனோடும் இதனை ஒப்பிட்டுள்ளனர். நம் நோக்கிற்கு இன்றியமையாதது வேறொரு செய்தி. படத்தின் உரையாடலை எழுதிய சாவர் சீதாராமனே, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்துள்ளார். எழுதியவரே கேட்பவராக அமர்ந்து, ஒவ்வொரு சாட்சியின் சொல்லையும் நிறுத்துப் பார்க்கிறார். பார்வையாளரின் பணியும் அதுவே. பாட்டில்லாத இப்படத்தில் பேச்சு சிதைந்தால் ஈடுசெய்ய வேறொன்றும் இல்லை.

3. வடிவங்களும் ஒலியும்

வி.சி.டி.யின் படச்சட்டம் நம் நாட்டு முறையில் 352 x 288 புள்ளிகள், டி.வி.டி.யின் சட்டம் 720 x 576 புள்ளிகள். படத்தெளிவில் இரண்டற்கும் உள்ள தொலைவு வெளிப்படை. ஆனால் ஒலியில் அத்தொலைவு இல்லை. 1950களின் ஒற்றைத்தட ஒளியியல் ஒலிப்பதிவு தாங்கியுள்ள அதிர்வெண் எல்லை குறுகியது. அதனைச் சுமக்க வி.சி.டி.யின் ஒலித்தடமே போதுமானது. எனவே படம் மங்கிய தகடு பேச்சில் குறையுடையதாகத்தான் இருக்கும் எனக் கொள்ளலாகாது. மாறாக, இரைச்சலை நீக்குவதாகக் கருதி உயர் அதிர்வெண்களை வெட்டிய ‘மேம்பட்ட’ பதிப்பில் சகர, ஸகர, ஷகர ஒலிகளின் வேறுபாடு மழுங்கிவிடும். படத்தைத் துலக்கிய கையே பேச்சைத் தேய்த்துவிடக்கூடும்.

வேகம் மற்றொரு சிக்கல். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 சட்டங்களைக் காட்டுவது. சட்டத்திற்குச் சட்டம் என மாற்றிப் பதியும்போது 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடிகளில் முடிந்துவிடும். இக்குறைவைக் கண்டு காட்சிகள் வெட்டப்பட்டன என முடிவு செய்வது பிழையாகும். குரலும் இதனால் உயர்கிறது. 120 எர்ட்சு அளவில் ஒலித்த குரல் 125 எர்ட்சு ஆகிறது. பழைய திரைப்படங்களிலிருந்து பேச்சொலித் தரவு எடுப்போர் குரலின் உயரத்தையும் உயிரொலியின் கால அளவையும் அளக்குமுன் இவ்வேறுபாட்டைக் கழித்தல் வேண்டும். குறில் நெடில் விகிதம் மாறாது. தனித்தனி அளவுகள் மாறும்.

வி.சி.டி. ஒன்று ஏறத்தாழ 74 நிமிடங்களையே கொள்ளும். ஆகவே இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட இப்படத்திற்கு இரண்டு தகடுகள் வேண்டும். தகடு மாறும் இடம் ஒருவருடைய கூற்றின் முடிவில் அமைகிறதா, நடுவில் அறுக்கிறதா என்பதும் ஒப்பீட்டில் கேட்கத்தக்க வினா. கூற்றுகளின் அடுக்கே கதையாகிய படத்தில் அந்த இடைவெளி புதியதொரு நிறுத்தக்குறியாகிவிடுகிறது.

4. துணையுரையில் மறையும் இலக்கணம்

துணையுரைக்கு இடம் குறைவு. இரண்டு வரிகள், வரிக்கு நாற்பது எழுத்துக்கு உட்பட்ட அளவு, சில நொடிகள் என்பதே பொதுவழக்கு. இந்நெருக்கடியில் முதலில் விடுபடுவன இலக்கணக் கூறுகளே. சாட்சிகளின் கூற்றால் நடக்கும் கதையில் அவற்றுள் நான்கு இன்றியமையாதவை.

முதலாவது, சுட்டுப்பெயர். இறந்தவனைப் பற்றிப் பேசும் தமிழர் ‘அவன்’, ‘அவர்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பேசுபவர்க்கும் இறந்தவர்க்கும் இருந்த உறவு அத்தேர்விலேயே வெளிப்படும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுகின்றன.

இரண்டாவது, வினைமுற்று விகுதி. ‘சுட்டான்’ என்றால் ஆண், ‘சுட்டாள்’ என்றால் பெண். கொலை செய்தவர் யார் என்பது மறைபொருளாக இருக்கும் வரையில், தமிழ் உரையாடல் ‘சுட்டவர்’, ‘சுட்டது யார்’ என்பன போன்ற பால் காட்டா வடிவங்களை நாட வேண்டியுள்ளது. மர்மக் கதையின் மறைபொருள் தமிழில் விகுதியில் ஒளிந்துள்ளது எனலாம். ஆங்கில வினையில் பால் வேறுபாடே இல்லையாதலின் இந்த எச்சரிக்கை அங்குப் புலப்படாது.

மூன்றாவது, கேள்விப்பொருளில் வரும் ‘ஆம்’ என்னும் இடைச்சொல். ‘வந்தான்’ என்பது கண்டவர் கூற்று; ‘வந்தானாம்’ என்பது கேட்டவர் கூற்று. சான்றின் வலிமையே இவ்வோர் ஒட்டில் அடங்கும். ஆங்கிலத்தில் இதற்குத் தனித்தொடர் வேண்டும்; இடமின்மையால் துணையுரையாளர் அதனை விட்டுவிட நேரும். அப்போது செவிவழிச் செய்தி கண்கண்ட சாட்சியாகிவிடுகிறது.

நான்காவது, ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு. நாட்டுக்கு இரண்டகம் செய்தவனைப் பற்றிய கதையில் ‘நம் நாடு’ என்பதும் ‘எங்கள் நாடு’ என்பதும் ஒன்றல்ல. முன்னிலையாரைத் தன்னோடு உளப்படுத்துவதும் விலக்குவதும் இங்குக் கதையின் அறச்சிக்கலேயாகும்.

இந்நான்கையும் தெலுங்கிலே வைத்துக் காணின் நிலை மாறுகிறது. ஆண்பாற் சுட்டில் வாடு, அதனு, ஆயன என மூன்று படிநிலைகள் உண்டு. கேள்விப்பொருளை ‘வச்சாடட’ என ஓர் ஒட்டினாலேயே தெலுங்கு உணர்த்தும். ‘நம்’, ‘எங்கள்’ என்பவற்றிற்கு நேராக ‘மன’, ‘மா’ உள்ளன. வினைமுற்றிலும் கால்சாடு, கால்சிந்தி, கால்சாரு என்னும் வேறுபாடு உண்டு. இறுதி வடிவம் பாலை மறைக்கவும் உதவும். தெலுங்கில் பெண்பால் ஒருமை வினை அஃறிணையோடு ஒத்து வருவதால் ‘வந்தாள்’, ‘வந்தது’ என்னும் தமிழ் வேறுபாடு அங்கு இழக்கப்படும். எனினும் மொத்தத்தில் இப்படத்தின் சாட்சியியலை ஆங்கிலத்தினும் தெலுங்கே செம்மையாகத் தாங்கவல்லது.

5. அயலகச் சான்றுகள் இரண்டு

கரோல் ரீடின் ‘தி தர்ட் மேன்’ (1949) வியன்னாவில் நிகழ்வது. அதில் வரும் செருமானியப் பேச்சு வேண்டுமென்றே மொழிபெயர்க்கப்படாமல் விடப்பட்டுள்ளது. செருமானியம் அறியாத அமெரிக்க எழுத்தாளனின் தடுமாற்றத்தில் பார்வையாளரும் பங்குகொள்ள வேண்டும் என்பது கருத்து. தகட்டில் அப்பேச்சுக்கு ஆங்கிலத் துணையுரை சேர்த்தால் பார்வையாளர் கதைத்தலைவனைவிட மிகுதியாக அறிந்தவராகிவிடுவார். அப்படத்தின் பிரித்தானியப் பதிப்பில் தொடக்க உரை இயக்குநர் ரீடின் குரலில் அமைந்தது. ஏறத்தாழ 11 நிமிடம் குறைந்த அமெரிக்கப் பதிப்பில் நடிகர் சோசப் காட்டனின் குரலில் அமைந்தது. கிரைட்டீரியன் நிறுவனம் 1999இல் வெளியிட்ட டி.வி.டி. இரண்டாவது தொடக்கத்தையும் உடன் தந்தது. இதனைப் பாடவேறுபாட்டைக் காட்டும் பதிப்பு என்றே கூறலாம்.

ஆர்சன் வெல்சின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) அமெரிக்க மெக்சிக்க எல்லையில், ஆங்கிலமும் இசுப்பானியமும் மோதும் ஊரில் நிகழ்வது. நிறுவனம் தம் படத்தை மாற்றியதைக் கண்ட வெல்சு 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். அதனைப் பின்பற்றி 1998இல் வால்டர் மர்ச் படத்தை மீளத் தொகுத்தார். 2008இல் வந்த டி.வி.டி. திரையரங்கப் பதிப்பு, முன்னோட்டப் பதிப்பு, மீட்டமைத்த பதிப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர வெளியிட்டது. எது மூலம் என்று ஆணையிடாமல், ஒவ்வொன்றும் எது என்று மட்டும் சொல்வது நல்ல பதிப்பின் இலக்கணம்.

6. எல்லையோரப் பார்வையாளர்

நம் நாட்டிலும் எல்லையோரம் உண்டு. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாநிலத்தின் பகுதி. கதை நிகழும் 1943இல் குண்டு விழுந்த சென்னை சித்தூராருடைய தலைநகர். படம் வெளியான 1954இல் அது அயல்மாநிலத் தலைநகர். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மீண்டும் திருத்தப்பட்டுத் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சில ஊர்கள் ஆந்திரத்தைச் சேர்ந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய இடங்களில் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு எழுதக் கற்றோர் பலர்.

இவர்கள் தமிழ்ப் பாடலைத் துணையின்றித் துய்ப்பர். விரைந்து செல்லும் உரையாடலில், அதுவும் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்திய மேடைத்தமிழ்ச் சாயல் கொண்ட உரையாடலில், எழுத்தின் துணை வேண்டும். இத்தகைய தகடுகளில் வழக்கமாகக் கிடைப்பது ஆங்கிலத் துணையுரை. அது அயல்நாட்டார்க்கும் திரைப்பட விழாவினர்க்கும் வேண்டுவதே. குப்பத்து மூதாட்டிக்கு உதவாது. தமிழ் எழுத்தில் தந்தாலும் படிக்கமாட்டார். அவர்க்கு ஏற்றது தெலுங்கு எழுத்து.

இது தொழில்நுட்பத்தால் இயலாததன்று. டி.வி.டி. துணையுரை எழுத்துக்குறிகளாகவன்றிப் படமாகவே பதியப்படுகிறது, எவ்வெழுத்தும் ஏறும், 32 தடங்கள் வரை இடமுண்டு. வி.சி.டி.யிலோ துணையுரை படத்தின்மேலேயே அழியாமல் பொறிக்கப்படும். தெலுங்கில் மெய்ம்மயக்கத்தின் இரண்டாம் எழுத்து அடியில் ஒத்தாக எழுதப்படுவதால் 288 வரிச் சட்டத்தில் அது கலங்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை எழுத்து வெள்ளைச் சட்டையின்மேல் மறைந்துபோவதும் உண்டு. படத்தெளிவு மொழிக்கு உண்மையில் உதவுவது இவ்விடத்திலேதான்.

தெலுங்கு மொழிபெயர்ப்பு ஒரு வழி. தமிழ்ப் பேச்சையே தெலுங்கு எழுத்தில் தருவது மற்றொரு வழி. பின்னது புதுமை போலத் தோன்றினும் திருப்பதிக்குப் புதிதன்று. திருமலையில் மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. தெலுங்கு எழுத்தில் அச்சான திருப்பாவையைக் கொண்டு தமிழ் எழுத்தறியாத அடியார் அதனை ஓதுகின்றனர். ஆண்டாளுக்குச் செய்ததைத் திரை உரையாடலுக்கும் செய்யலாம். ழகரத்தை எழுதப் பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் எழுத்து இருந்தது. இன்றைய வழக்கில் ளகரமே நிற்கும். மேலும் தெலுங்கு எழுத்து வல்லினத்தின் ஒலிப்புடைமை வேறுபாட்டைக் காட்டுமாதலின், ‘படம்’ என்பதன் டகரம் எவ்வாறு ஒலித்தது என்பதைப் பெயர்த்தெழுதுவோர் செவிகொண்டு தீர்மானிக்க வேண்டும். அவ்வாறு உருவாகும் துணையுரை, காண்போர்க்கு உதவியாகவும் ஒலியியலார்க்குத் தரவாகவும் ஒருங்கே பயன்படும். திருப்பதியில் 1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், குப்பத்தில் 1997இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகமும் உள்ள இப்பகுதி இப்பணிக்கு ஏற்ற களமாகும்.

7. முடிவுரை

வீட்டுக்காட்சிப் பதிப்பு ஒவ்வொன்றும் தன் மூலப்படி எது, ஓடும் நீளமும் வேகமும் யாவை, ஒலியில் செய்த திருத்தம் என்ன, துணையுரை எழுதியவர் யார் என்பவற்றைத் தன் உறையிலேயே குறித்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் நாம் கட்டாயமாக எதிர்பார்க்கும் முன்னுரைச் செய்திகளே இவை. இவை இல்லாத பதிப்புகளைப் படத்தெளிவால் மட்டும் தரவரிசைப்படுத்துவது ஏட்டின் பளபளப்பைக் கொண்டு நூலை மதிப்பதாகும்.

‘அந்த நாள்’ படத்தில் அதிகாரி சிவானந்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யார் கண்டார், யார் கேட்டார், யார் யாரை ‘அவர்’ என்றார் என்பதைக் கொண்டே உண்மையை நெருங்க முடியும். அவ்வேறுபாடுகளைக் காக்கும் பதிப்பே அப்படத்தின் சிறந்த பதிப்பு. சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழர்க்கு அது தெலுங்கு எழுத்தில் துணையுரை தாங்கிய பதிப்பாகவே அமைய முடியும். மொழிபெயர்ப்பாளர் தம் பணியைத் தூரத்து நாட்டாரை நோக்கி மட்டும் அமைத்துக்கொள்ளாமல், ஒலியால் நெருங்கி எழுத்தால் விலகி நிற்கும் அண்டை வீட்டாரையும் கருதுவாராயின் இப்பதிப்பு கைகூடும்.