மடிந்த மூலை: மூணு சீட்டு குறித்துச் சில குறிப்புகள்

மூணு சீட்டைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் இரண்டே வகைதான். வித்தைக்காரர்கள் எழுதுவது கையின் நேர்த்தியைப் பேசும். ஒழுக்கவாதிகள் எழுதுவது தோற்றவனின் பேராசையைப் பேசும். இரண்டுமே சுற்றி நிற்கிற கூட்டத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகின்றன என்பது என் வாசிப்பு.

ஆட்டம் எளிமையானது. இரண்டு கறுப்புச் சீட்டு, ஒரு சிவப்பு ராணி. ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு சீட்டு மேலும் கீழுமாக, மறு கையில் ஒன்று. கீழே இருக்கும் ராணிதான் முதலில் விழுகிறது என்று கண் நம்பும். விரல் மேலேயிருப்பதை நழுவவிட்டிருக்கும். எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயரில் 1902இல் சிகாகோவில் வெளிவந்த 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்' இந்த வீச்சை விவரிக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினோம். இங்கே ஆசிரியன் பிறக்கவே இல்லை, பிரதி மட்டும் நூறு வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. (ஏமாத்துறவனுக்குக் கையெழுத்து எதுக்கு?)

ஆனால் கை மட்டும் போதாது. குருட்டாம்போக்கில் தொட்டால்கூட மூன்றில் ஒருமுறை ராணி அகப்பட்டுவிடும். ஆகவே கூட்டாளிகள். நீங்கள் சரியான சீட்டில் பணம் வைத்தால் பக்கத்திலிருப்பவன் வேறொன்றில் கூடுதலாக வைப்பான். பெரிய தொகையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்பான் ஆட்டக்காரன். அதுவும் முடியாவிட்டால் 'போலீஸ்!' என்று ஒரு குரல், பலகை கவிழும். மெக்சிகன் என்று சொல்லப்படும் வகை இன்னும் கொடூரம். நீங்கள் தொட்டது ராணிதான். அதை இன்னொரு சீட்டால் நெம்பிப் புரட்டும் அந்த நொடியில் இரண்டும் ஆள் மாறிவிடும். சரியான விடைக்கும் அங்கே இடமில்லை.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது மடிந்த மூலை. ஆட்டக்காரன் வேறுபக்கம் திரும்பியிருக்கும்போது கூட்டத்தில் ஒருவன் ராணியின் மூலையை லேசாக மடித்துவிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். ஆட்டக்காரனுக்குத் தெரியாதாம்! சீட்டுகள் மறுபடி விழுகின்றன. மடிப்பு பளிச்சென்று தெரிகிறது. கையிலிருப்பதையெல்லாம் வைக்கிறீர்கள். வீச்சின்போதே ராணியின் மூலையை நிமிர்த்தி, கறுப்புச் சீட்டின் மூலையை அவன் மடித்தாயிற்று.

இதை வெறும் பேராசை என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. இங்கே தோற்பவன் அறியாதவன் அல்ல, அறிந்தவன். மற்றவர்கள் பார்க்காததைத் தான் பார்த்துவிட்டதாக நம்பும் தன்னிலை அது. அந்த அறிவையே அவனுக்குக் கொடுத்தது எதிர்த்தரப்பு. மக்கள் ஏமாளிகள், நமக்கு மட்டும் உள்குத்து தெரியும் என்ற தோரணையில் எழுதப்பட்ட எத்தனை துண்டுப் பிரசுரங்களை நாம் கூட்டங்களில் விநியோகித்திருக்கிறோம்! கண்ணடித்தது யாருடைய ஆள் என்று கேட்டுக்கொண்டோமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிசிசிப்பிப் படகுகளிலும் ரயில்களிலும் இந்த ஆட்டத்தை ஆடிய கனடா பில் ஜோன்ஸ் நாட்டுப்புறத்து அசடு மாதிரி உடுத்தி, அசடு மாதிரியே பேசுவானாம். அவனோடு தொழில் செய்த ஜார்ஜ் டெவால் 1887இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார். எதிரே நிற்பவன் தன்னைவிட முட்டாள் என்ற மேட்டிமை எண்ணம்தான் மூலதனம். ஆட்டக்காரன் கைக்காசு போட வேண்டியதில்லை.

மேடை வித்தைக்காரர்கள் செய்த மாறுபாடுகள் கணக்கற்றவை. எமர்சன் அண்ட் வெஸ்ட் விற்ற 'கலர் மாண்டே' இன்றும் பிரபலம். ராணியே கிடையாது, வண்ண டைமண்டுகள், கடைசியில் 14 டாலர் என்று அச்சிட்ட சீட்டு. சாமர்த்தியம்தான். ஆனால் பந்தயமும் கூட்டாளியும் போய்விட, வெறும் 'அழகு' மிஞ்சுகிறது. தெருவைக் கழுவிவிட்டுக் கலையாக்குவது என்கிற பழைய சங்கதி.

தெருவை மறுபடி உள்ளே கொண்டுவந்தவர் சூசன்-லோரி பார்க்ஸ். 2001இல் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறிய 'டாப்டாக்/அண்டர்டாக்' அடுத்த வருடம் புலிட்சர் பெற்றது. நாடகத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். லிங்கன், பூத் என்று இரண்டு கறுப்புச் சகோதரர்கள். பெயர்கள் அப்பா அடித்த ஜோக். சீட்டில் கைதேர்ந்த அண்ணன், கூட்டாளி ஒருவன் சுடப்பட்டபின் அதை விட்டுவிட்டு, முகத்தில் வெள்ளை பூசி ஆபிரகாம் லிங்கனாக உட்கார்ந்திருக்கிறான். காசு கொடுத்தவர்கள் பொய்த்துப்பாக்கியால் அவனைச் சுட்டு விளையாடலாம். தம்பிக்கோ சீட்டு பழக ஆசை.

பார்க்ஸிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. கும்பலின் தொழிலை ஒற்றை அறைக்குள் அண்ணன் தம்பிப் பகையாகச் சுருக்கிவிடுகிறார். கூட்டாளிகள் வெறும் பெயர்களாக வெளியே நிற்கிறார்கள். ஆனால் டிக்கெட் வாங்கி இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அந்தப் பொய்த்துப்பாக்கிக்காரர்களிடமிருந்து அவர்கள் எவ்வளவு தூரம்? இந்த இடத்தில் நாடகம் என் சண்டையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

பணமில்லாத ஆட்டத்தில் தம்பியை ஜெயிக்க விடுகிறான் அண்ணன். அம்மா விட்டுப்போன 500 டாலர் பந்தயத்துக்கு வந்ததும் தம்பி தொட்டது தப்பான சீட்டு. பணம் ஒரு காலுறைக்குள் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. இத்தனை வருஷமாக அவன் திறந்தே பார்த்ததில்லை. அண்ணன் கத்தியை எடுத்து முடிச்சை அறுக்கப் போகிறான். தம்பி சுட்டுவிடுகிறான். உள்ளே என்ன இருந்தது என்று நாடகம் காட்டுவதில்லை.