பாய்லருக்கு யார் கேட்டதுன்னு தெரியணும்

இங்கிலாந்தில் பாய்லரும் தண்ணீர் சிலிண்டரும் உள்ள வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வயரிங் முறைகளைத்தான் பார்க்கலாம்: எஸ்-பிளான், ஒய்-பிளான். இரண்டுமே எளிமையானவை, பழுது பார்ப்பதும் சுலபம். என் குறை, அவை தண்ணீரின் வெப்பநிலையைக் கையாளும் விதத்தில்தான்.

ஒரு வீட்டில் ரேடியேட்டர், தரைக்கு அடியில் ஓடும் குழாய், குளிக்கிற வெந்நீர் மூன்றும் இருக்குன்னு வச்சுக்குங்க. தரைக்கு 40 டிகிரி செல்சியஸ் போதும். லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க சிலிண்டரை 60க்குக் கொண்டுபோகணும். அதற்கு பாய்லரை 70 வாக்கில் வைப்பார்கள். ஆனால் இந்த வயரிங்கில் பாய்லருக்குப் போவது "எரி" என்ற ஒரே சிக்னல். கேட்டது சிலிண்டரா ரேடியேட்டரான்னு அதுக்குத் தெரியாது. ஆகவே குளிர்காலம் முழுக்க 70தான். தரைக்கு மட்டும் ஒரு கலப்பு வால்வை மாட்டி 40 ஆக்கிவிட்டு, பல வெப்பநிலைகளைக் கட்டுப்படுத்தியாச்சு என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரேடியேட்டருக்கு 10 கிலோவாட், தரைக்கு 10 கிலோவாட். ரேடியேட்டரில் 70இல் போகும் நீர் 60இல் திரும்புகிறது. தரையிலிருந்து 30இல் திரும்புகிறது. ஆனால் தரைக்கு பாய்லரிலிருந்து போகும் நீரின் அளவு ரேடியேட்டருக்குப் போவதில் கால் பங்குதான். இரண்டும் சேர்ந்து பாய்லருக்கு வரும்போது 54 டிகிரி. கண்டென்ஸிங் பாய்லரில் புகையிலுள்ள நீராவி சுமார் 55க்குக் கீழேதான் நீராகத் தொடங்கும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய திறன் விளிம்பிலேயே நிக்குது. தரையின் குளிர்ந்த நீரால் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தை ரேடியேட்டரின் சூடான நீர் தின்னுடுது.

ரேடியேட்டரை 55/45க்கு இறக்கினால், அதே கணக்கில் திரும்பும் நீர் சுமார் 41. இப்போது பாய்லர் நன்றாகவே கண்டென்ஸ் ஆகும்.

"வீடு சூடாகாதே?" நியாயமான கேள்வி. 55/45இல் அதே ரேடியேட்டர் 70/60இல் தருவதில் 60 சதவீதம்தான் தரும். ஆனால் -3 டிகிரிக்காகத் திட்டமிட்ட வீட்டுக்கு, வெளியே 8 டிகிரி இருக்கிற நாளில் ஏறக்குறைய பாதி வெப்பம்தான் வேணும். அதைவிடக் குளிரும் நாட்களில், வெளியிலுள்ள சென்சாரைப் பார்த்து பாய்லரே வெப்பநிலையை ஏற்றிக்கொள்ளட்டும்.

அப்போ சிலிண்டர்? அது கேட்கும்போது மட்டும் பாய்லர் 70க்குப் போகட்டும். அந்த நேரம் ரேடியேட்டர் காத்திருக்கட்டும். வெந்நீருக்கு முன்னுரிமை என்கிற இந்த முறையில் சிலிண்டருக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று என வெப்பநிலைகள் நேரத்தால் பிரிகின்றன. தரைக்குக் கலப்பு வால்வு அப்பவும் தேவைதான். ஆனால் 70ஐ 40 ஆக்கும் வேலை அதற்கு இருக்காது.

எல்லாப் பழைய பாய்லரும் இதற்கு ஒத்துவராது என்பது உண்மை. புதிதாகப் போடுகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. இங்கிலாந்தின் கட்டட விதிகளே 2022 முதல், புதிய அமைப்புகளை முடிந்தவரை 55 அல்லது அதற்குக் கீழே வடிவமைக்கச் சொல்கின்றன. நாளைக்கு ஹீட் பம்ப் வைக்கப்போகும் வீட்டுக்கும் இதே தயாரிப்புதான் வேணும். வேலைக்கு வருகிறவரிடம் எத்தனை வால்வு போடுவீங்கன்னு கேட்பதைவிட, சிலிண்டர் கேட்காத நேரத்தில் பாய்லர் எத்தனை டிகிரியில் ஓடும்னு கேளுங்க.